கோவக்கார வீட்டுச் சாட்சி

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு விசாரிக்க வருகிற ஆளைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். தாகமில்லாமல் ஒரு சோடா கேட்பார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "உந்தக் கடைசி வீடு ஆற்றை, ஆர் இருக்கினம்?" என்பார். அதோடு ஒழுங்கை முழுவதும் உஷாராகிவிடும்.

மருதனார்மடத்திலிருந்து சுன்னாகம் போகிற வழியில், தோட்டங்களுக்குள் இறங்குகிற அந்த ஒழுங்கையின் முகப்பில் சிவக்கொழுந்தின் பெட்டிக்கடை இருந்தது. சவர்க்காரம், சோடா, வெற்றிலை, பிள்ளைகளுக்கு இனிப்பு. இவை பெயருக்குத்தான். கடையின் உண்மையான சரக்கு ஒழுங்கைக்காரரின் நற்சாட்சி. சிவக்கொழுந்திடம் விசாரிக்காமல் அங்கே ஒரு பெண்ணும் தாலி கட்டிப் போனதில்லை. ஐந்தாறு பொருத்தங்களை அவர் வாய் குழப்பியும் இருக்கிறது, அது வேறு கதை.

பங்குனி வெயில் தலையைப் பிளந்த ஒரு மத்தியானம் அந்த மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, மினுக்கின சப்பாத்து, கழுத்தில் சின்னச் சிலுவை. சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்தார்.

"அம்மா, இராசநாயகம் எண்டவற்றை வீடு உள்ளுக்கோ?"

"ஓம். என்ன விசயமாய்?"

"அவற்றை மகள் வினோஜா எண்டு ஒரு பிள்ளை இருக்கெல்லே. அதைப் பற்றிக் கொஞ்சம் அறிய வேணும். நான் வந்தது அவைக்குத் தெரிய வேண்டாம்."

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சிலுவையைப் பார்த்துச் சிவக்கொழுந்து கொஞ்சம் யோசித்தார்தான். சைவப் பிள்ளைக்கு வேதக்காரர் ஏன் விசாரிக்க வருகிறார்? தரகராக இருக்கும் என்று தானே கேள்வியும் கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்து, இத்தனை வருடங்களாகப் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொல்ல ஆயத்தமானார்.

அந்தப் பாடத்தை எழுதியவர் இராசநாயகம். அவர் மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஜேர்மனிக்குப் போய், அகதி வழக்கை மாறி மாறி நடத்தி, கடைசியில் தோற்று, திருப்பி அனுப்பப்பட்டவர். வரும்போது வினோஜாவுக்குப் பத்தொன்பது வயது. தண்டவாளம் பழுதுபார்க்கும் ஒரு கொம்பனியில் தொழில் பழகிக்கொண்டிருந்தவளைப் பாதியில் இழுத்து வந்தார்கள். ஊரில் வந்த முதற் பொருத்தம், "வெள்ளைக்காரரோடை வளர்ந்த பிள்ளை, என்ன மாதிரியோ" என்று குழம்பியது. அடுத்தது, "ஏன் திருப்பி அனுப்பினவங்கள்?" என்று குழம்பியது. அப்போதுதான் இராசநாயகம் கடையில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தகப்பனும் தாயும்தான் ஜேர்மனிக்குப் போனார்கள், பிள்ளை இணுவிலில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தது என்று ஒழுங்கை கூடி முடிவு செய்தது. யாரும் இதைப் பொய்யென்று நினைக்கவில்லை. ஒரு பெண்பிள்ளைக்குச் செய்கிற உபகாரமென்றே நினைத்தார்கள்.

"பிள்ளை ஜேர்மனியிலை இருந்ததாம் எண்டு கேள்வி?" என்றார் வந்தவர்.

"ஆர் ஐயா உங்களுக்கு உந்தப் பொய்யை அவிட்டது? தாய் தேப்பன்தான் போனவை. பிள்ளை இணுவிலை விட்டு அசையேல்லை."

"அந்தப் பாஷை கதைக்குமோ?"

"அது தமிழிலையே வாய் திறக்காது. அவ்வளவு அடக்கம்."

"ரயில் பாதையிலை ஏதோ வேலை பழகினதெண்டு..."

யாரோ கோள் மூட்டியிருக்கிறார்கள்! அந்த யாரோ யாரென்றும் சிவக்கொழுந்துக்குத் தெரிந்துவிட்டது.

"ரயில் பாதையோ? பொம்பிளைப் பிள்ளையோ? சிவ சிவா! படலை தாண்டாத பிள்ளை ஐயா அது. உங்களுக்கு ஆரோ எரிச்சலிலை சொல்லியிருக்கினம். வேணுமெண்டால் எதிர் வீட்டிலையும் கேளுங்கோ."

எதிர்வீட்டு டிலக்ஷன் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப்போட்டுத் திருத்திக்கொண்டிருந்தான். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தபடி, ஒரு சொல் பிசகாமல் அதையே சொன்னான். வந்தவர் தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். கடைசி வீடு வரைக்கும் போகவேயில்லை.

கடைசி வீட்டில் வினோஜா அந்த நேரம் ஜேர்மன் மொழியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

இராசநாயகத்தின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி முடிந்திருந்தது. பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலின் கூரை வளையெல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள். வெங்காயத் தாளின் காரம் வீட்டுக்குள்ளும் வந்து கண்ணைக் கரித்தது. கொட்டிலை ஒட்டிய அறைதான் அவளுடைய வேலையிடம். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு காற்றாடி. ஜேர்மனியில் விடிந்து ஆட்கள் கந்தோருக்கு வருகிற நேரம், இங்கே ஒழுங்கை சோறு தின்று சரிகிற மத்தியானம். அப்போது அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை தருகிற நிறுவனத்தின் வால்ட்டர் என்ற கிழட்டு எஞ்சினியரோடு வாதாடுவாள்.

ஜேர்மன் ரயில் பாதைப் புத்தகங்களை ஆங்கிலமாக்குவதுதான் தொழில். கேட்கச் சுகமாக இருக்கும், செய்தால் தெரியும். தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற சிலிப்பர் கட்டையை ஜேர்மன்காரன் ஷ்வெல்ல, அதாவது வாசற்படி என்கிறான். ரயில் சில்லு தடம்புரளாமல் காக்கிற விளிம்புக்குத் தடமாலை என்று பெயர் வைத்திருக்கிறான். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் அவனுக்கு வைஹ. அங்கே தண்டவாளத்தைத் தண்டவாளம் வெட்டுகிற கூர்முனை இரும்பை இதயத்துண்டு என்கிறான். அதையே அமெரிக்கன் தவளை என்கிறான். இங்கிலாந்துக்காரனுக்கு அது வெறும் கிராசிங். புத்தகம் எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே ஸ்பானரைப் பிடிக்கிறவன் எவன் சொன்ன இங்கிலீசில் தொழில் பழகினவன் என்று பார்த்துத்தான் சொல்லைப் போட வேண்டும். சொல் பிசகினால் ஆணி பிசகும். ஆணி பிசகினால் ரயில் கவிழும்.

சந்தேகம் வந்தால் வினோஜா சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் ஸ்டேஷனுக்குப் போவாள். பாதை பிரிகிற இடத்தில் குந்தியிருந்து இரும்பைப் பார்ப்பாள், படமெடுப்பாள். முதல் தடவை பார்த்த ஒருவர், பெட்டை ரயிலுக்குத் தலை வைக்கப் போகிறது என்று ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். இரண்டாம் தடவை, ஸ்டேஷனில் யாரோ ஒரு பெடியன் இருக்கிறான் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதையையும் சிவக்கொழுந்துதான் அமுக்கினார்.

இப்போது பெரிய வேலை ஒன்று வாயிலில் நின்றது. துண்டு துண்டாகத் தருகிற வேலையில்லை. ஒரு முழு ரயில் பாதைத் திட்டத்தின் சொற்களுக்கெல்லாம் பொறுப்பான நிரந்தர உத்தியோகம். மெசினுக்குள் போட்டு எடுத்ததைத் தங்கள் வேலையென்று விற்ற சிலரிடம் அந்த நிறுவனம் நன்றாகச் சூடு கண்டிருந்தது. அதனால் தண்டவாளத்தில் கை வைத்து வேலை பழகிய ஆள்தான் வேண்டும் என்றார்கள். வினோஜா ஜேர்மனியில் தொழில் பழகியதற்கான தன் கடுதாசிகளை அனுப்பினாள். உன்னைப் பற்றி விசாரிப்போம் என்று எழுதினார்கள். ரெலிபோனில் விசாரிப்பார்களாக்கும் என்று அவள் நினைத்தாள். வேலை சரிவருமுன் வெளியே சொன்னால் கண்ணூறு படும் என்று தகப்பன் வாயைக் கட்டிப்போட்டதால் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை பதில் வந்தது. நீ ஜேர்மனியில் வாழ்ந்ததேயில்லை என்று உன் ஊரே சொல்கிறது. அப்படியென்றால் இந்தக் கடுதாசிகள் யாருடையவை? எங்களோடு பேசுகிறவர் யார்? வால்ட்டர் உனக்காக நிற்பதால் இன்னொரு தடவை விசாரிப்போம். அதிலும் இப்படியே வந்தால் உன்னோடு இனி எந்த வேலையும் இல்லை.

வினோஜா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல இராசநாயகத்தின் முகம் கறுத்தது. கையிலிருந்த வெங்காயப் பிடியை நிலத்தில் அடித்தார்.

"உவள்தான். வேறை ஆர்? வேலிக்காரிதான்."

வேலிக்காரி என்றது பக்கத்து வீட்டு மங்கையற்கரசியை. ஒரு காலத்தில் வினோஜாவின் தாயும் அவரும் ஒரு கோப்பையில் தேத்தண்ணீர் குடித்த சிநேகிதம். பிறகு வேலி அடைக்கும்போது இராசநாயகம் கதியால் தடிகளை ஒரு சாண் தள்ளி நட்டார் என்று கொழுவல் வந்து, வழக்கு மல்லாகம் கோட்டுக்குப் போய்விட்டது. வழக்கு முடியாமல் மதில் கட்ட முடியாது. ஊரெல்லாம் மதில் எழும்பிவிட்டது. இந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் மட்டும் கிடுகு வேலி, அந்தப் பக்கத்து இருமல் இந்தப் பக்கம் கேட்கும்படி நின்றது. தாய் செத்தபோதுகூட மங்கையற்கரசி வேலியோரம் நின்று அழுதாரே தவிர, படலை திறந்து வரவில்லை.

"அப்பா, தெரியாமல் கதையாதேங்கோ."

"எனக்குத் தெரியும். மொட்டைக் கடிதம் போட்டிருப்பாள். அவளைத் தவிர ஆருக்கு நாங்கள் கதைக்கிறது வேலிக்குள்ளாலை கேக்கும்?"

வேலியில் போய் நின்று கத்தினார். "என்ரை பிள்ளையின்ரை சோத்திலை மண் போட்டனி! நீ விளங்குவியோ?"

வேலிக்கு அப்பால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. "உன்ரை பிள்ளையின்ரை சோத்திலை போட என்னட்டை மண் ஏது? இருந்த மண்ணையும் நீயெல்லோ வேலியோடை தள்ளிக்கொண்டு போட்டாய்!" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வந்த சொற்களை எழுத முடியாது.

பின்னேரம் சிவக்கொழுந்து கடையைச் சாத்திவிட்டு, முகமெல்லாம் பூரிப்பாக வந்தார்.

"இராசண்ணை, சத்தம் கேட்டுது. உவளோடை ஏன் வாயைக் குடுக்கிறியள்? நான் ஒரு நல்ல விசயம் சொல்லாமல் அடக்கி வைச்சிருக்கிறன். போன கிழமை ஒரு மாப்பிள்ளைப் பகுதி வினோஜாவை விசாரிக்க வந்தது. சப்பாத்துப் போட்ட மனிசன். உவள் போய் ஜேர்மனி, ரயில் எண்டு எல்லாத்தையும் கொட்டிப்போட்டாள் போலை. நான் விடேல்லை. ஒரேயடியாய் வெட்டி விட்டனான்."

வினோஜா எழும்பி வந்தாள். "என்ன சொன்னனீங்கள் மாமி?"

"எப்பவும் சொல்லுறதுதான் பிள்ளை. இணுவிலிலை வளர்ந்தது, ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது, ரயில் பாதைப் பக்கம் தலை வைச்சும் படுக்காது எண்டு."

வினோஜா அப்படியே வெங்காயக் குவியலில் இருந்துவிட்டாள். கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, அதுவும் நல்ல சிரிப்பில்லை. இராசநாயகம் மகளின் முகத்தைப் பார்க்காமல் வளையில் தொங்கிய பிடிகளைப் பார்த்தார். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் அவர் எழுதிக் கொடுத்தவை.

விசயம் விளங்கியதும் சிவக்கொழுந்து தலையில் கை வைத்தார். "ஐயோ, எனக்கென்ன தெரியும்? ஒரு குமர்ப்பிள்ளையை விசாரிக்க வாறவன் கலியாணத்துக்கு இல்லாமல் வேறை என்னத்துக்கு வருவான்? சரி, திரும்பி வரட்டும். நான் உள்ளது உள்ளபடி சொல்லுறன்."

அந்தச் சப்பாத்துக்காரர் திரும்பி வந்தார். இந்த முறை நேரே வீட்டுக்கே வந்தார். குருநகர்க்காரர், பெயர் கிறகோரி. வங்கியில் இருந்து இளைப்பாறி, வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஆட்களை விசாரித்துக் கொடுப்பதே வேலை. யாரை நம்பினாலும் ஒரு கண்ணை மூடாமல் நம்புகிற முகம். கதிரையில் இருந்தார், கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"ஐயா, இவள் பதினாலு வருசம் அங்கை வளர்ந்தவள். நான்தான் ஊரிலை மாத்திச் சொல்லச் சொன்னனான்," என்றார் இராசநாயகம்.

"ஓம் ஐயா, நான் அண்டைக்குச் சொன்னது பொய்," என்றார், கடையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்திருந்த சிவக்கொழுந்து. "பிள்ளை ஜேர்மன் தண்ணி மாதிரிக் கதைக்கும்."

"அம்மா, அண்டைக்குத் தமிழே கதைக்காது எண்டனீங்கள்."

"அது கலியாணத்துக்கு."

"இது வேலைக்கோ?" கிறகோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவிக்காதேங்கோ. அண்டைக்கு இந்தப் பிள்ளைக்கு நல்லது எண்டு நினைச்சு இல்லை எண்டனீங்கள். இண்டைக்கும் இந்தப் பிள்ளைக்கு நல்லது எண்டு நினைச்சு ஓம் எண்டுறியள். நான் எதை எழுதுறது?"

வினோஜா ஜேர்மன் மொழியில் நான்கு வசனம் பேசிக் காட்டினாள்.

"எனக்கு அந்தப் பாஷை தெரியாது, தங்கச்சி. நீர் கதைப்பீர் எண்டு அவைக்கும் தெரியும். அங்கை இருந்து, பாதையிலை வேலை பழகினது நீர்தானோ எண்டதுதான் கேள்வி. அந்தக் கடுதாசி வேறை ஆற்றையோவெண்டு அவைக்குப் பயம். உமக்கு வேண்டின ஆக்கள் நூறு பேர் வந்து சொன்னாலும் எனக்கு அது காணாது." அவர் வளவைச் சுற்றிப் பார்த்தார். "உங்களோடை கோவமாய் ஒரு வீடு இருக்குமே. கதை பேச்சு இல்லாத வீடு. அது எது?"

ஒழுங்கைக்கு ஒழுங்கை அப்படி ஒரு வீடு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இராசநாயகத்தின் கை மட்டும் தானாக வேலிப் பக்கம் நீண்டது.

"நான் போய்க் கேக்கிறன். நீங்கள் ஒருத்தரும் வரக்கூடாது. நான் ஆரெண்டும் அவவுக்குச் சொல்லமாட்டன்."

அவர் படலை தாண்டியதும் இராசநாயகம் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தினார். "முடிஞ்சுது. போன கிழமை அவளை நாயே பேயே எண்டு பேசினனான். இனி அவள் வாயாலை எங்களுக்கு நல்லது வருமோ?"

வினோஜா கிடுகு வேலியோரம் போய் நின்றாள். மற்றப் பக்கத்தில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு விசயமாய் அறிய வந்தனான்."

மங்கையற்கரசி கனைத்தார்.

"கலியாணமோ?"

"ஏதோ ஒண்டு."

"நான் சொன்னால் எரிச்சலிலை சொல்லுறன் எண்டுவினம்."

"நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கோ."

"அப்ப வடிவாய்க் கேளுங்கோ ஐயா. ஒழுங்கை முகப்பிலை ஒருத்தி இணுவிலிலை வளர்ந்தது எண்டு சொல்லியிருப்பாள். பச்சைப் பொய்! அஞ்சு வயசிலை போய்க் குமராய் வந்தது. முழுக்க முழுக்க ஜேர்மனிப் பிள்ளை. ஆணும் பெண்ணும் ஒண்டாய்ப் படிக்கிற பள்ளிக்கூடம். அதுவும் காணாதெண்டு ரயில் றோட்டு வேலைக்கும் போனது."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான்! தாய் என்னட்டை அல்பம் கொண்டு வந்து காட்டினவ. செம்மஞ்சள் சட்டையும், தலையிலை தொப்பியும், களிசானும். தன்ரை உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்துக்கு நடுவிலை, வெள்ளைப் பெடியங்களோடை பல்லுத் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிண்டது. அண்டைக்குப் பனி கொட்டினதாம். கை விறைச்சு, வீட்டை வந்து சுடுதண்ணியிலை வைச்சுக்கொண்டு அழுமாம். விடியப் பேந்தும் ஓடுமாம். தாய் அந்தப் படத்தைத் தடவித் தடவி, 'என்ரை பிள்ளை போடுற ஆணியிலைதான் மங்கை, ரயில் ஓடுது' எண்டு சொல்லுவா. எனக்கு அப்பவே தெரியும், உது ஊருக்கு உதவாத பிள்ளையெண்டு."

வினோஜாவின் கை கதியாலை இறுகப் பிடித்தது.

"இப்ப?" என்றார் கிறகோரி.

"இப்ப என்ன, திருந்தினதே? மத்தியானத்திலை மனிசர் கண் மூட ஏலாது. ஆரோ ஒரு வெள்ளைக்காரனோடை வைஹ, ஷ்வெல்ல எண்டு ஆட்டைக் கலைக்கிற மாதிரிக் கத்தும். அவனையும் பேச விடாது. சுன்னாகம் ஸ்டேஷனிலை போய்த் தண்டவாளத்தைப் படம் பிடிக்கும். தண்டவாளத்தையோ ஒரு பொம்பிளை படம் பிடிக்கிறது? தன்னைப் படம் பிடிச்சாலும் ஒரு நியாயம் இருக்கு!"

"கோவத்திலை கூட்டிச் சொல்லேல்லையே அம்மா?"

"கோவம் வேறை, உள்ளது வேறை. மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு முன்னாலை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கோ, பண்ணுறன்."

வினோஜாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்க அவள் முயலவில்லை. அவள் மேல் அன்பு வைத்த எல்லோருமாகச் சேர்ந்து அவளுடைய பதினான்கு வருடத்தைத் துடைத்து எறிந்திருந்தார்கள். பனியை, செம்மஞ்சள் சட்டையை, விறைத்த கையை, அம்மாவின் பெருமையை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பத்திரமாக வைத்திருந்தது இந்த ஒரு வீடுதான். இராசநாயகம் பின்னால் வந்து நின்றார். செத்துப்போன மனைவி அப்படிச் சொன்னாள் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கிறகோரி திரும்பி வந்து, ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "நல்ல சாட்சி, ஐயா. அந்த வேலியைப் பிடுங்கிப் போடாதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை கிடைத்தது. ஒழுங்கை சிரியோ சிரியென்று சிரித்தது. வேலிக்காரி கெடுக்கப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள் என்று டிலக்ஷன் சந்தி வரைக்கும் சொல்லித் திரிந்தான். சிவக்கொழுந்து மட்டும் சிரிக்கவில்லை. "உத்தியோகம் சரி, இனி ஆர் கட்டப் போறான்?" என்று மூக்கைச் சிந்தினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வினோஜா பயித்தம் பணியாரம் சுட்டு, தட்டத்தில் வைத்து மூடி, ஒழுங்கையால் சுற்றிப் போய் மங்கையற்கரசியின் படலையைத் தட்டினாள். அவர் படலையைப் பாதிதான் திறந்தார்.

"என்ன? வழக்கை விடச் சொல்லிக் கொப்பர் அனுப்பினவரோ?"

"இல்லை மாமி. அவருக்கு நான் வந்தது தெரியாது."

"உதுக்குள்ளை என்ன?"

"பயித்தம் பணியாரம்."

மங்கையற்கரசி தட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வினோஜா ஒன்றை எடுத்துப் பிய்த்துத் தன் வாயில் போட்டாள். அவள் விழுங்கும் வரைக்கும் மங்கையற்கரசி அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சை பார். நான் உனக்கு நல்லது செய்ய நினைச்சுச் சொல்லேல்லை. குழப்பத்தான் சொன்னனான். அதை முதல் விளங்கிக்கொள்."

"தெரியும் மாமி. வேலிக்கு அங்காலை நிண்டு கேட்டனான்."

"பேந்தேன் வந்தனி?"

"இனி ஆர் வந்து கேட்டாலும் உப்பிடியே சொல்லுங்கோ. அம்மா சொன்னதையும் சேர்த்து."

மங்கையற்கரசியின் கண் சுருங்கியது. இதில் என்ன சூழ்ச்சி இருக்கும் என்று தேடினார், அகப்படவில்லை.

"கலியாணத்துக்கு வந்து கேட்டாலுமோ?"

"கலியாணத்துக்கு வந்தால் முதல் அதைத்தான் சொல்ல வேணும்."

அவர் ஒரு பணியாரத்தை எடுத்து மணந்து பார்த்தார். ஓரத்தைக் கடித்தார். பிறகு தட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சொல்லுறன்," என்றார். "உங்கடை ஆக்களைப் போலை நான் பொய் சொல்லமாட்டன்."